முதல் மூன்று மாத மௌனம் யாருக்காக?

“மூன்று மாதம் முடியட்டும், அதுவரை யாரிடமும் வாய் திறக்காதே.” கருவுற்ற செய்தி உறுதியானவுடன் நம் வீடுகளில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் அறிவுரை இதுதான். எங்கள் மகப்பேறு புறநோயாளர் பிரிவுக்கு முதன்முறையாக வரும் பெண்களில் பலருக்கு, வரும்போதே பதின்மூன்று, பதினான்கு வாரங்கள் கடந்திருக்கின்றன. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டால், “மூன்று மாதம் கழித்துப் போகலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள்” என்ற விடை கிடைக்கிறது.

இந்த வழக்கத்தை எள்ளி நகையாடுவது எங்கள் நோக்கம் அன்று. அதன் பின்னால் கண்ணேறு பற்றிய அச்சம் மட்டும் இல்லை. தொடக்க மாதங்களில் கரு நிலைக்காமல் போவதும் உண்டு என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவமும் இருக்கிறது. ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பின்னர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லும் துயரத்திலிருந்து பெண்ணைக் காக்கவே இந்த மௌனம் தோன்றியிருக்கக்கூடும். ஆயினும், ஊரிடம் காட்டவேண்டிய மௌனம் மருத்துவரிடமும் செவிலியரிடமும் நீளும்போது, காப்பதற்காக வந்த வழக்கம் கெடுக்கத் தொடங்குகிறது. கவனிப்பு மிகுதியாகத் தேவைப்படும் வாரங்களைப் பெண் தனியாகக் கடக்க நேர்கிறது. நற்செய்தியை ஊருக்கு எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்களைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள் என்பதே நாங்கள் இங்கே முன்வைக்கும் கருத்து.

வாரக் கணக்கு சொல்லும் செய்தி

கருக்காலத்தின் கணக்கு, கரு உண்டான நாளிலிருந்து தொடங்குவதில்லை; கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் எனப் பேறுகால நாள் குறிக்கப்படுகிறது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, மருந்துக் கடையில் பரிசோதனை அட்டை வாங்கி, அதில் இரண்டு கோடுகளைக் காணும்போது ஐந்து வாரம் ஆகிவிடும்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், இந்தக் கணக்குப்படி ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடுவதற்குத் துணைசெய்வது ஃபோலிக் அமிலம். ஆகவேதான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கி, பன்னிரண்டாவது வாரம் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்கள், முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தவர்கள் ஆகியோருக்கு இன்னும் கூடுதலான அளவு தேவைப்படும். ஆறு, ஏழு வாரங்களில் இதயத் துடிப்பைக் கருவியில் காண முடிகிறது. பன்னிரண்டு வாரம் நிறையும்போது 5 முதல் 6 சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்தச் சிற்றுயிருக்கு எல்லா உறுப்புகளின் அடிப்படை வடிவமும் அமைந்துவிடுகிறது.

மூன்று மாதம் கழித்து மருத்துவரைக் காணலாம் என்பது, வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு முடித்தபின் மண்ணின் தன்மையைச் சோதிப்பது போன்றது. வீடு நின்றுவிடலாம், பெரும்பாலும் நிற்கவே செய்கிறது. ஆனால், சோதித்துச் சரிசெய்யும் வாய்ப்பு கைநழுவிப் போகிறது. 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் முதல் மூன்று மாதங்களுக்குள் பரிசோதனைக்குச் சென்ற தாய்மார் 70 விழுக்காட்டினர். முந்தைய ஆய்வைவிட இது நல்ல முன்னேற்றம். எஞ்சிய 30 விழுக்காட்டினரை எண்ணித்தான் இதை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் முன்கூட்டியே பதிவு செய்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற நலவாழ்வு மையத்திலோ பதிவு செய்தால் பிக்மி எண் வழங்கப்படும். பின்னர் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யவும் அந்த எண் தேவை. தனியார் மருத்துவமனையில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பயன்பெற விரும்பும் தகுதியுள்ள தாய்மாரும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே அந்த வாரங்கள் கடந்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டா. இன்றைக்கே வாருங்கள், செய்யக்கூடியவை இன்னும் பல இருக்கின்றன.

மசக்கை நடிப்பு அன்று

குமட்டலையும் வாந்தியையும் காலை நேரத்து உபாதையாகக் குறிக்கும் ஆங்கில வழக்கு பலரைக் குழப்புகிறது. மசக்கை என்னும் நம் சொல்லுக்கு அந்தக் குறை இல்லை. அது விடியலிலும் வரும், நண்பகலில் தாளிக்கும் வாசனையிலும் வரும், நள்ளிரவிலும் வரும். கருவுற்ற பெண்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் இது இருக்கும். பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் தொடங்கி, எட்டு முதல் பத்து வாரங்களில் உச்சம் அடைந்து, பன்னிரண்டு முதல் பதினாறு வாரங்களுக்குள் தணிகிறது. மசக்கையே இல்லாத பெண்களும் உண்டு. அதனால் கருவுக்குக் குறை ஏதும் இருப்பதாகக் கொள்ள வேண்டா.

இந்த நிலையில் பெண்ணைத் தனிமைப்படுத்துவது வாந்தி மட்டும் அன்று, “நாங்கள் பெறாத பிள்ளையா?” என்ற ஒற்றைக் கேள்வியும்தான். ஒருவருக்கு எளிதாகக் கடந்துபோன மசக்கை மற்றொருவரைப் படுக்கையில் தள்ளுவதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. கருவும் நச்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்னும் புரதம் தாயின் மூளையில் குமட்டலைத் தூண்டுவதையும், கருவுறுவதற்கு முன் உடலில் அந்தப் புரதம் குறைவாக இருந்த பெண்களுக்கு அதன் தாக்கம் கடுமையாக இருப்பதையும் 2023-ஆம் ஆண்டு இறுதியில் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. மன உறுதிக்கும் மசக்கையின் கடுமைக்கும் தொடர்பு இல்லை. மாமியாரும் மருமகளும், அக்காளும் தங்கையும் இதில் ஒப்பிட்டுக்கொள்ள எதுவும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. வெறும் வயிற்றோடு எழுந்து நடமாடாமல், படுக்கையருகே வைத்திருக்கும் ரஸ்க்கோ பொரியோ சிறிது உண்டுவிட்டு எழலாம். மூன்று வேளை வயிறு நிறைய உண்பதற்கு மாறாக ஆறு வேளை சிறிது சிறிதாக உண்ணலாம். சூடான உணவின் மணம் குமட்டினால் ஆறிய இட்லி, தயிர்ச்சோறு, மோர், கஞ்சி ஆகியவை இறங்கும். இஞ்சி பலருக்குக் குமட்டலைத் தணிக்கிறது. தாளிக்கும் வேலையைச் சில வாரங்களுக்கு வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது மாத்திரைக்கு ஒப்பான உதவி. இவற்றால் தீராவிட்டால், டாக்சிலமைனும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள, கருவுக்குத் தீங்கற்ற மருந்து. அதை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய தேவை இல்லை.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலோ, சிறுநீர் அளவு குறைந்து அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுந்து நின்றால் கண் இருண்டு வந்தாலோ அது சாதாரண மசக்கையைத் தாண்டிய நிலை. கருவுறும் முன் 50 கிலோ இருந்த பெண் இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை இழந்திருந்தாலும் அப்படியே. இந்நிலையில் நரம்பு வழியாக நீரும், உப்புகளும், பி1 ஊட்டச்சத்தும் ஏற்ற வேண்டியிருக்கும். மருத்துவமனைக்கு வந்தே தீர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

தொடக்க மாதங்களில் வயிறு வெளியே தெரியாது. ஆகவே பெண்ணின் களைப்பும் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேருந்தில் எழுந்து இடம் தருபவர் இல்லை; வேலையில் சலுகை இல்லை. உள்ளேயோ உடல் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. இரத்தத்தின் அளவு கூடத் தொடங்குகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர் மிகுவதால் பகலிலும் தூக்கம் அழுத்துகிறது. மார்பகங்கள் கனத்து வலிக்கலாம். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றலாம். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைச்சுற்றல் வரலாம். காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வந்து போகலாம். இவை பெரும்பாலும் இயல்பானவை. ஆனால், சோகமும் அச்சமும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால், அதையும் காய்ச்சலைச் சொல்வது போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வளைகாப்பை ஏழாம் மாதத்தில் எவ்வளவு சிறப்பாகச் செய்கிறோம்! கண்ணாடி வளையல்களும் கலவைச் சோறுகளும் சுற்றத்தாரின் வாழ்த்துமாக அன்று பெண் நடுநாயகமாக அமர்கிறாள். அந்த அன்பில் ஒரு பங்கு இரண்டாம் மாதத்திலும் தேவைப்படுகிறது. அதற்கு விழா வேண்டா. காலையில் அவள் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்குவதற்கு வீட்டார் வழிவிட்டால் போதும்.

முதல் வருகையில் என்ன நடக்கும்?

மருத்துவமனை என்றாலே ஊசியும் அதட்டலும் என்று அஞ்சி நாள் கடத்துபவர்களும் உண்டு. முதல் வருகையில் பெரும்பகுதி பேச்சுதான். கடைசி மாதவிலக்கு நாள், முந்தைய பேறுகள், குடும்பத்தில் உள்ள நோய்கள், உண்டுவரும் மருந்துகள் ஆகியவற்றைக் கேட்போம். எடையும் இரத்த அழுத்தமும் பார்ப்போம். இரத்தமும் சிறுநீரும் எடுத்து இரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள்காமாலை பி வகை ஆகியவற்றைச் சோதிப்போம். இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசியின் முதல் தவணையும் கூடிய விரைவில் போடப்படும்.

இவற்றுள் இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரத்தசோகை. கருவுற்ற பெண்ணின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக்கூடாது. மேலே சொன்ன குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினருக்கு அது குறைவாகவே இருந்தது. சாம்பல், மண், ஊறவைத்த அரிசி ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவதை மசக்கை ஆசை என்று சிரித்து விடக்கூடாது. அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். பேற்றின்போது ஏற்படும் இரத்த இழப்பைத் தாங்கும் வலிமையை உடல் இந்த மாதங்களிலிருந்தே சேர்க்க வேண்டும். எட்டாம் மாதத்தில் கண்டறியும் இரத்தசோகையைச் சரிசெய்யக் காலம் போதாது.

மற்றொன்று, சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரையை அளக்கிறோம். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்கிறோம். வெறும் வயிற்றோடு வரவேண்டிய கட்டாயம் இல்லாத இந்த முறையை முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் கருவுற்ற பெண்ணைப் பட்டினி போடாமல் சோதிக்க முடிவதே இதன் சிறப்பு. முதல் சோதனையில் சர்க்கரை இல்லாவிட்டாலும் 24 முதல் 28 வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் பற்றிய அச்சத்தையும் அகற்ற விரும்புகிறோம். அதில் பயன்படுவது ஒலியலை. எக்ஸ்ரே கதிர்வீச்சு அன்று. ஆறு முதல் ஒன்பது வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரட்டையா, முத்துப்பிள்ளை போன்ற கோளாறு ஏதும் உண்டா என்பன தெரியும். அடுத்த ஸ்கேன் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரையிலான காலத்தில் எடுக்கப்படுகிறது. குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீர்ப்படலத்தின் தடிப்பை அளந்து, டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் குறைபாடுகளுக்கான வாய்ப்பை அதில் கணிக்கிறோம். இந்த அளவீட்டை 14-ஆவது வாரத்தில் செய்ய இயலாது. “மூன்று மாதம் முடிந்து நல்ல நாள் பார்த்து” வருபவர்கள் பெரும்பாலும் இழப்பது இந்தச் சோதனையைத்தான். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

மருந்தும் உணவும்

கருவுற்றது தெரிந்தவுடன் இரண்டு வகைத் தவறுகள் நேர்கின்றன. தலைவலிக்கும் முகப்பருவுக்கும் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைத் தொடர்வது ஒன்று. வலிப்பு, தைராய்டு, ஆஸ்துமா, நீரிழிவு ஆகியவற்றுக்கு நெடுநாளாக உண்ணும் மருந்தை அச்சத்தால் தாமாகவே நிறுத்துவது மற்றொன்று. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்ற சில மருந்துகள் கருவுக்குக் கடுந்தீங்கு விளைவிப்பவை. அவற்றை உடனே நிறுத்த வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதோ தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. எதை மாற்றுவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவருக்கு நீங்கள் கருவுற்றிருப்பது தெரிய வேண்டும். நாட்டு மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

உணவைப் பொறுத்தவரை, “இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு” என்னும் அன்புத் தொல்லை தொடக்க மாதங்களில் தேவையற்றது. இப்போது கூட வேண்டியது உணவின் தரமே. கீரை, பருப்பு, முட்டை, மீன், பால், பழம் ஆகியவை போதிய அளவில் இருந்தால் நன்று. பச்சைப் பப்பாளியைத் தவிர்ப்பது சரி. நன்கு பழுத்த பப்பாளியும் அன்னாசியும் வழக்கமான உணவின் அளவில் உண்பதால் கரு கலைவதில்லை. குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றுவதில்லை. காப்பி, தேநீரை நாளொன்றுக்கு ஒன்றிரண்டு சிறு குவளைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். மதுவையும் புகையையும் முற்றிலும் விலக்க வேண்டும். வீட்டில் பிறர் விடும் புகையும் இதில் அடங்கும்.

எப்போது உடனே வர வேண்டும்?

தொடக்க மாதங்களில் நான்கில் ஒரு பெண்ணுக்குச் சிறிதளவேனும் இரத்தக்கசிவு ஏற்படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கரு நலமாகத் தொடர்கிறது. ஆகவே, இரத்தத்தைக் கண்டவுடன் எல்லாம் முடிந்துவிட்டதாக அஞ்ச வேண்டா. அதே வேளையில், அதை மறைத்து வைக்கவும் கூடாது. நூற்றில் ஒன்றிரண்டு கருக்கள் கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. அக்குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் பெருகிச் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். முன்கூட்டியே ஸ்கேன் எடுத்தால் அதை வெடிக்கும் முன்பே கண்டறிந்து மருத்துவம் செய்ய முடியும். பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் இரவா பகலா என்று பாராமல் வாருங்கள்:

• அடிவயிற்றில், சிறப்பாக ஒரு பக்கத்தில், கடும் வலி
• தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், திடீர் வியர்வை
• ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு, அல்லது கட்டியாக, இரத்தப்போக்கு
• 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல்
• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் முதுகு வலியும்
• தண்ணீர்கூடத் தங்காத வாந்தி

அவசர ஊர்திக்கு 108. ஐயம் கேட்க, தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது.

கருவைத் தொடர இயலாத சூழலில் இருக்கும் பெண்களுக்கும் இவ்விடத்தில் ஒரு சொல். கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் யாருக்கும் தெரியாமல் விழுங்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் பயன் இல்லை. ஆபத்து மட்டும் வளரும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் வழியாகப் பாதுகாப்பான உதவி பெற இடமளிக்கிறது. உங்கள் பெயரும் வெளியே வராது.

கரு கலைந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

ஒருவரையும் குற்றம் சொல்ல இடமில்லை. உறுதிசெய்யப்பட்ட கருக்களில் பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை தாமாகவே கலைகின்றன. பெரும்பான்மை முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் நேர்பவை. அவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உண்டாகும் வேளையிலேயே குரோமோசோம்களின் எண்ணிக்கை பிழைபட்டுப்போவது. மாடிப்படி ஏறியதோ, குடம் தூக்கியதோ, அலுவலகம் சென்றதோ, கணவருடன் கூடியதோ, கிரகண நேரத்தில் வெளியே வந்ததோ இதற்குக் காரணம் அல்ல. நாள் முழுவதும் படுத்தே இருந்தால் கரு நிலைக்கும் என்பதற்கும் சான்று இல்லை.

மௌனத்தின் கொடுமையைப் பெண் முழுமையாக உணர்வது இங்கேதான். கரு உண்டானதே ஒருவருக்கும் தெரியாதபோது, அது கலைந்த துயரத்தை அவள் யாரிடம் சொல்வாள்? மறுநாளே அடுப்படியிலும் அலுவலகத்திலும் நிற்கிறாள். “விசேஷம் ஒன்றும் இல்லையா?” என்ற கேள்விக்குச் சிரித்து மழுப்புகிறாள். மகப்பேறு நலன் குறித்த சட்டம், தனக்குட்பட்ட நிறுவனங்களில் பணிபுரியும் பெண்ணுக்குக் கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. சட்டம் தரும் இந்த ஓய்வைப் பெறவும் மருத்துவச் சான்று வேண்டும். இரத்த வகை நெகட்டிவாக உள்ளவர்களுக்கு, அடுத்த குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

துயருற்ற பெண்ணிடம், “போனது போகட்டும், அடுத்தது நிற்கும்” என்று சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஒருமுறை கரு கலைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் நலமுடன் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால், அவள் அழுவது அடுத்ததற்காக அன்று. அருகில் அமர்ந்து, “உன்மேல் தவறில்லை” என்று சொல்லுங்கள். கணவருக்கும் அந்தச் சொல் தேவைப்படும்.

யாரிடம் சொல்லலாம்?

செய்தியை யாரிடம், எப்போது சொல்வது என்பது கருவுற்ற பெண்ணின் உரிமை. அதில் தலையிட எங்களுக்கு விருப்பம் இல்லை. எங்கள் பரிந்துரை நான்கு பேரோடு நின்றுவிடுகிறது.

முதலாமவர் கணவர். சொன்னால் மட்டும் போதாது. முதல் பரிசோதனைக்கு அவரும் உடன் வர வேண்டும். அவருடைய இரத்த வகையும் குடும்ப நோய் வரலாறும் எங்களுக்குத் தேவை. இரண்டாமவர் மருத்துவர் அல்லது கிராம சுகாதாரச் செவிலியர். எட்டு வாரத்துக்குள் அவரைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாமவர், பிள்ளை பெற்ற அனுபவமும் வாயைக் காக்கும் பண்பும் உடைய ஒரு பெண். அவர் அம்மாவாகவோ, அத்தையாகவோ, அண்ணியாகவோ, தோழியாகவோ இருக்கலாம். நள்ளிரவில் இரத்தக்கசிவைக் கண்டு பதறும்போது அழைப்பதற்கு ஒரு குரல் வேண்டும். நான்காமவர், வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அலுவலகத்தில் நம்பகமான ஒருவர். எக்ஸ்ரே அறை, வேதிப்பொருள், பூச்சிமருந்து, கனமான சுமை ஆகியவற்றோடு வேலை செய்பவர்கள் மேலாளரிடம் தெரிவித்து வேலையை மாற்றிக்கேட்பது கட்டாயம்.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் நாங்கள் பணிவுடன் சொல்லிக்கொள்வது இதுதான்: கண்ணேறு படும் என்று அஞ்சினால் திருஷ்டி கழியுங்கள், குலதெய்வத்துக்கு முடிந்து வையுங்கள். உங்கள் நம்பிக்கைக்கும் எங்கள் பரிசோதனைக்கும் பகை இல்லை. மருத்துவமனை அட்டையில் எழுதப்படும் பெயர் ஊருக்குப் பறைசாற்றப்படுவதில்லை. மூன்றாம் மாதம் வரை செய்தியை ஊருக்குச் சொல்லாமல் காத்த பெருமை உங்களுக்கு இருக்கட்டும். இரண்டாம் மாதத்திலேயே மருமகளை மருத்துவரிடம் அழைத்துவந்த பெருமையும் அதனோடு சேரட்டும்.

நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தால், இந்த வாரமே வாருங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளை ஒரு தாளில் குறித்து, இப்போது உண்ணும் மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துவாருங்கள். மற்றவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.